சில்லுக்குப் பக்கத்தில் கிடந்தவன்

பீல் நகரத்தில் ஞாயிறு மழை.
ஒரே தியேட்டர், ஒரே நாள், இரண்டு படம்.
இரண்டரைக்குக் கரடி. ஐந்தே முக்காலுக்குப் போர்.

கரடியின் முதலாம் பாகம் எனக்குப் பிடித்திருந்தது.
பாண் சுடும் கரடி, அதற்கு மாவு இழுத்துவரும் கழுதை.
கழுதை அதில் ஒரு சொல்லும் பேசாது,
காதை மட்டும் அசைக்கும்.
அதற்கே விழுந்து விழுந்து சிரித்தோம்.
இரண்டாம் பாகத்தில் கழுதைக்கு வாய் கொடுத்துவிட்டார்கள்.
திறந்த வாயை அதற்கு மூடத் தெரியவில்லை.
கடைசியில் பாடவும் செய்தது.
வில்லன் வாத்து திருந்திவிட்டதாம்;
திருந்திய வாத்தைப் பார்க்கவா பதினெட்டு பிராங்க்?

சாம்பவி முழங்கையால் இடித்தாள்:
"அப்பா, முணுமுணுக்காதேங்கோ."

நடுவில் கரடி மலையுச்சியிலிருந்து விழுந்தது.
பாதி வானத்தில் இருக்கும்போதே விளக்குப் போட்டார்கள்.
இந்த நாட்டில் எனக்குப் பிடித்த விஷயம் அது:
இடைவேளை விடுகிறார்கள்.
கரடி அந்தரத்தில் தொங்க
நாங்கள் ஐஸ்கிறீம் வரிசையில் நின்றோம்.
திரும்பி வந்ததும் அது விழுந்து, அப்பளமாய்த் தட்டையாகி,
'பொப்' என்று எழும்பியது.

பிறகு ஒரு காட்சி. மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை.
கடையைப் பூட்டியபின்
கரடி மிஞ்சின பாண்களை எண்ணுகிறது.
ஏழு.
மறுபடி எண்ணுகிறது. ஏழுதான்.
விளக்கை அணைக்கிறது.
எனக்குக் கண் கலங்கிவிட்டது,
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.
கழுதை வந்து பேசிக் கெடுத்தது.

வாசலில் லெயாவின் தாய் குடையோடு நின்றாள்.
சாம்பவி அவர்களோடு போகிற அவசரத்திலும் திரும்பி,
"சண்டைப்படமோ? தனியவோ?"
"டிக்கெட் சும்மா கிடைச்சது."
மார்லிஸ் தந்தது. அவளுக்குத் தடிமன்.

முந்நூறு வருடத்துக்கு முந்தைய யுத்தம்.
யார் யாரோடு, எதற்கு என்று அரைமணி நேரம் விளக்கினார்கள்;
எனக்கு இரண்டு அரசர்களும் ஒரே ஆள் போலத் தெரிந்தார்கள்.
திரையின் அடியில் ஜெர்மனில் ஒரு வரி, பிரெஞ்சில் ஒரு வரி.
எழுத்துகளுக்குப் பின்னால்
ஆமிக்காரருக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.
சார்ஜன்ட் படத்திலேயே ஒரே ஒரு பகிடி விட்டான்.
பிரெஞ்சு வாசித்தவர்கள் முதலில் சிரித்தார்கள்,
ஜெர்மன் வாசித்தவர்கள் பிறகு,
இரண்டையும் வாசித்து முடித்து நான் சிரித்தபோது
அவனுக்குக் குண்டு பட்டுவிட்டது.
முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

நான் கண்ணில் பூதக்கண்ணாடி செருகி
கடிகாரத் திருகாணி பார்க்கிறவன்.
ஆயிரத்தில் ஒன்று பழுது. அந்த ஒன்றுக்குத்தான் சம்பளம்.
ஆகவே சொல்கிறேன்:
சப்பாத்துகள் நேற்று வாங்கியவை.
தளபதிக்கு யாரோ நகம் வெட்டிவிட்டிருக்கிறார்கள்.
குதிரைகள் நன்றாக நடித்தன.
புகை மட்டும் அப்படியே இருந்தது.
சத்தம் ஓய்ந்தபின்னும்
போக மனமில்லாமல் அது தாழத் தாழ நிற்கும் என்பதை
தெரிந்த யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

இங்கும் இடைவேளை. வாளை ஓங்கியவன் ஓங்கியபடி.
நான் எழும்பவில்லை.

கடைசியில் வயல்வெளி, வயலின், தளபதியின் நீண்ட பேச்சு.
அவனுக்குப் பின்னால் செத்துக் கிடந்தார்கள்,
நூறு பேராவது இருக்கும்.
இடப்பக்கம், உடைந்த வண்டிச் சில்லுக்குப் பக்கத்தில்
ஒருவனுடைய வயிறு
ஏறி
இறங்கியது.

மெல்ல, களவாக.
குளிரில் அவன் வாயருகே ஒரு நூல் ஆவி.

பழுதுதான். வேறு நாளென்றால்
இடுக்கியால் எடுத்துச் சிவப்புத் தட்டில் போட்டிருப்பேன்.
தளபதி என்ன சொன்னானோ தெரியாது,
இரண்டு மொழியிலும் வாசிக்கவில்லை.
அவனையே பார்த்தேன்.
கமரா அவன் பக்கம் நகரத் தொடங்கியதும்
சீட்டின் நுனிக்கு வந்துவிட்டேன்.
பொறடா. பொறு. கொஞ்ச நேரம் விடாத.
பிடிபட்டுப் போயிடாத.

பெயர்கள் ஓடின.
கிடந்தவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே வரி நன்றி.

பஸ்ஸில் சாம்பவியின் செய்தி: படம் எப்பிடி?
சப்பாத்து சரியில்லை என்று அனுப்பினேன்.